ஆன்லைன் பாடத்துக்கு 8 லட்சம் இருக்கிறதா? முதலில் வாத்தியாரின் நேரத்தை வாங்குங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். அரிசி ஆலை, தேங்காய் எண்ணெய் ஆலை நடத்துகிறவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள், அமெரிக்காவில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர். கையில் 8 லட்சம் சேர்ந்திருக்கிறது. ஒன்றியத்தில் உள்ள அரசுப் பள்ளிகளுக்கு 9, 10ஆம் வகுப்புக் கணிதம், அறிவியல் முழுவதையும் ஆன்லைன் பாடமாகக் கொண்டுவர ஆசை. கோவையில் ஒரு ஸ்டுடியோ ஆறரை லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. ஆசிரியர்கள் சனி, ஞாயிறில் வந்து இலவசமாகப் பாடம் எடுத்துத் தரச் சம்மதித்துவிட்டார்கள். இதில் ஆசிரியர்களுக்கென்று பணம் ஒதுக்க வேண்டுமா, ஒதுக்கினால் எவ்வளவு, சட்டப்படி கொடுக்க வழி உண்டா என்பதுதான் கேட்டிருப்பது.

ஒதுக்கத்தான் வேண்டும். பணத்தில் பாதிக்கு மேல் அதற்குத்தான் போக வேண்டும். நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் ஆசிரியருக்கு இருப்பது சால்வையும் ஒரு ஷீல்டும்தான், மீதியெல்லாம் கேமரா, செட், எடிட்டிங், ஆப். இது லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தறி போட்டுவிட்டு நூலுக்குக் காசு வைக்காமல் இருப்பது மாதிரி. நான் ஆசிரியர் பயிற்சியிலும் பாடத் தயாரிப்பிலும் நெடுநாள் இருந்தவன், நல்லபடி தொடங்கி நின்றுபோன முயற்சிகளைக் கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நின்ற இடம் ஒன்றுதான். பணம் இருந்தது, கருவி இருந்தது, மனசும் இருந்தது. உட்கார்ந்து பாடத்தை யோசித்து எழுத வாத்தியாருக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை.

சனி, ஞாயிறு என்கிறீர்கள். பத்தாம் வகுப்பு எடுக்கிற ஆசிரியருக்குச் சனிக்கிழமை ஏது? ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும், இல்லையென்றால் பயிற்சி இருக்கும், எமிஸ் என்கிற பள்ளித் தகவல் தளத்தில் பதிவு மிச்சம் இருக்கும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலை வேறு. டீச்சர் என்றால் வாரம் பூராவும் தள்ளிவைத்த வீட்டு வேலை ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்துக்கிடக்கும். முதல் இரண்டு மூன்று பாடம் உற்சாகத்தில் நன்றாகவே வரும், அப்புறம் வகுப்பில் எடுப்பதையே கேமரா முன்னால் நின்று எடுத்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பண்ணுவது? இன்னொரு சங்கடமும் உண்டு, இதை யாரும் வெளியே சொல்வதில்லை: இலவசமாக வந்து செய்கிறவரிடம் "சார், இந்தப் பாடம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டும்" என்று சொல்ல நமக்கு வாய் வராது. நேரத்துக்கு ஈடு கொடுத்திருந்தால் கூச்சமில்லாமல் கேட்கலாம், அவரும் அதை வேலையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்வார். திருத்தி எழுதாத ஆன்லைன் பாடம் நல்ல பாடமாக வந்து நான் பார்த்ததில்லை.

2020இல் பள்ளிகள் மூடியபோது தமிழ்நாடு முழுக்க ஆசிரியர்கள் தங்கள் செல்போனில், தங்கள் டேட்டாவில், வீட்டுச் சுவரில் கரும்பலகை மாட்டி வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அந்த நேரத்துக்கு அது பெரிய சேவை, கைகூப்ப வேண்டிய சேவை. ஆனால் அந்த வீடியோக்களில் எத்தனை இன்றைக்கு வகுப்பில் ஓடுகிறது என்று உங்கள் பள்ளியிலேயே கேட்டுப் பாருங்கள். அவசரத்துக்கு எடுத்ததை உட்கார்ந்து சீர்படுத்தி நிரந்தரப் பாடமாக மாற்ற அதற்குப் பிறகு அவர்களுக்கு யாரும் நேரம் ஒதுக்கித் தரவில்லை.

பாடம் தயாரிக்க நேரம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுகிற ஓர் இடம் பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் வரும் இறக்கக் கோணம். காங்கேயம், பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைக்குக் குறைவில்லை, அதையே வைத்துக்கொள்வோம். 60 மீட்டர் உயரக் காற்றாலையின் உச்சியில் ஒருவர் நின்று கீழே தரையில் நிற்கும் டிராக்டரைப் பார்க்கிறார், இறக்கக் கோணம் 30 டிகிரி, டிராக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கண் மட்டத்தில் கிடையாக ஒரு கோடு இழுத்து அந்தக் கோட்டிலிருந்து கீழே கோணத்தை அளக்க வேண்டும். பிள்ளைகள் நிறையப் பேர் என்ன செய்வார்கள் என்றால், படத்தில் ஏற்கெனவே நிற்கிற கோபுரக் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் 30 டிகிரியைக் குறித்துவிடுவார்கள். சரியான விடை 60√3 மீட்டர், தப்பாகக் குறித்தவருக்கு 20√3 மீட்டர் வரும். இப்போது கவனியுங்கள்: அதே கணக்கை 45 டிகிரி என்று கொடுத்திருந்தால் தப்பாகப் படம் போட்ட பிள்ளைக்கும் சரியான விடையே வந்திருக்கும். ஆப்பில் பச்சை டிக் விழும், பிள்ளை அடுத்த பாடத்துக்குப் போய்விடும், தப்பு அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

ஆக, அந்தப் பாடத்தை உண்மையாகத் தயாரிப்பது என்றால் 45 டிகிரியை முதல் கேள்விகளில் தவிர்க்க வேண்டும், விடைகளில் ஒன்றாக 20√3ஐத் தெரிந்தே வைக்க வேண்டும், அதைத் தொட்ட பிள்ளைக்கு "நீ எந்தக் கோட்டிலிருந்து அளந்தாய்?" என்று கேட்கிற ஒரு நிமிடத் துண்டு வீடியோ தனியாக எடுக்க வேண்டும், அதற்குப் பின் அதே மாதிரி வேறொரு கணக்கு கொடுத்துப் பார்க்க வேண்டும். இதை ஸ்டுடியோக்காரரால் யோசிக்க முடியாது. வருடக்கணக்காக விடைத்தாளில் அந்தத் தப்பைச் சிவப்பு மையில் வட்டம் போட்ட வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியும். அவர் தலைக்குள் இருப்பதை வெளியே எடுத்து ஒழுங்குபடுத்தத்தான் நேரம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிட வீடியோ, ஒரு பயிற்சித்தாள், இந்த மாதிரி யோசித்து வைத்த பத்துக் கேள்வி, பிள்ளைகளிடம் ஓட்டிப் பார்ப்பது, திருத்துவது எல்லாம் சேர்த்து ஒரு சிறு பாடத்துக்கு 16 முதல் 18 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கேமரா முன்னால் நிற்பது அதில் ஒரு மணி நேரம் வந்தால் அதிகம்.

அதனால் உங்கள் இலக்கைக் குறைக்கச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வகுப்பு, இரண்டு பாடம் முழுவதும் என்பது 8 லட்சத்தில் ஆகிற காரியம் இல்லை, ஆகிறது என்று யார் சொன்னாலும் அவர்கள் வகுப்பறையைப் படம்பிடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். வகுப்பறையைப் படம்பிடித்தது ஏற்கெனவே வேண்டுமளவு கிடக்கிறது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலிருந்து ஓடுகிறது, 2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு போட்டு மத்திய அரசின் இணையப் பாடத் தளமான தீக்ஷாவோடு இணைத்தார்கள், 2023இல் தமிழக அரசின் மணற்கேணி பாடச் செயலி வந்தது. அங்கே நன்றாக இருப்பதை நீங்கள் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதிப் பிள்ளைகள் எங்கே சிக்குகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டு, பத்தாம் வகுப்புக் கணிதத்தின் எட்டு இயல்களில் இரண்டை மட்டும் முதல் வருடம் எடுங்கள். என்னைக் கேட்டால் முக்கோணவியலும் ஆயத்தொலை வடிவியலும். சுமார் 20 சிறு பாடங்கள் வரும்.

இப்போது நேரக் கணக்கு. வெவ்வேறு பள்ளியில் இருக்கிற இரண்டு நல்ல கணித ஆசிரியர்களை ஜூலை முதல் நவம்பர் வரை வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே கிழமைகள், செவ்வாய், புதன் என்று வையுங்கள், தனித்தனியாக உட்கார்ந்து செய்தால் பாதி வேலைகூட நடக்காது. வட்டார வள மையத்தில் ஓர் அறை கேளுங்கள். சொந்தப் பள்ளியில் உட்கார்ந்தால் யாராவது லீவு போட்ட வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். காலாண்டுத் தேர்வு, பூஜை விடுமுறை, தீபாவளி போக இருவருக்கும் சேர்த்து 70 நாள் தேறும், ஒரு நாளைக்கு உருப்படியாக ஐந்து மணி நேரம் என்றால் 350 மணி நேரம். இருபது பாடத்துக்குச் சரியாக இருக்கும். டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் திருப்புதல் தேர்வு தொடங்கிவிட்டால் பத்தாம் வகுப்பு ஆசிரியரை எந்தத் தலைமை ஆசிரியரும் விடமாட்டார், விடவும் கூடாது.

அந்த இரண்டு நாளுக்கு வகுப்புக்கு யார் போவது என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. மாற்று ஆசிரியர் இல்லாமல் ஓ.டி. (வெளிப்பணி அனுமதி) மட்டும் வாங்கிக் கொடுத்தால், பாடம் தயாரிக்கிறேன் என்று போன நாளெல்லாம் அவருடைய பிள்ளைகளுக்கு வகுப்பு வீணாகும், சக ஆசிரியர்கள் மேல் சுமை ஏறும், இரண்டாவது மாதத்திலேயே முணுமுணுப்பு வரும், அது நியாயமான முணுமுணுப்பும்கூட. அதனால் உங்கள் பணம் முதலில் மாற்று ஆசிரியருக்குப் போகட்டும். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு 2022இல் அனுமதித்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று வைத்தார்கள், பிறகு அது 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. நீங்கள் 15,000க்குக் குறைக்காதீர்கள். நம்ம பக்கம் கணிதத்தில் பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், நல்ல ஆள் கிடைப்பார். மாற்று ஆசிரியர் 6, 7, 8ஆம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளட்டும். பத்தாம் வகுப்பை மட்டும் மூல ஆசிரியரே வைத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பீரியடுகளை மற்ற மூன்று நாளில் இரட்டைப் பீரியடாக அடுக்கச் சொல்லுங்கள். அதற்குக் காரணம் உண்டு. செவ்வாய்க்கிழமை எழுதிய பாடத்தை வியாழக்கிழமை தன் பிள்ளைகளிடம் போட்டுப் பார்க்க அவருக்கு வகுப்பு வேண்டும். மீதி மூன்று நாள் மாற்று ஆசிரியர் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளோடு உட்காரலாம். இதைச் சொன்னால் தலைமை ஆசிரியரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்.

மொத்தக் கணக்கைப் போட்டுவிடுகிறேன். ஒப்படைக்கும் நாட்களையும் சேர்த்து ஆறு மாதத்துக்கு இரண்டு மாற்று ஆசிரியர்கள் 1,80,000. ஒவ்வொரு பாடத்தையும் படித்துப் பார்த்துத் தப்புச் சொல்ல, ஓய்வு பெற்ற ஒரு நல்ல கணித ஆசிரியருக்கு 60,000. நல்ல மைக், ஸ்டாண்டு, எழுதுகிற டேப்லெட், விளக்கு என்று கருவிக்கு 60,000 தாராளம், கேமராவுக்கு இப்போதைய செல்போன் போதும். எடிட்டிங் 60,000, படம் வரைய 40,000, ஐந்து பள்ளிகளில் ஓட்டிப் பார்க்கப் போக்குவரத்தும் அச்சும் 50,000. இதுவரை நாலரை லட்சம். இரண்டாம் வருடம் ஓர் ஆசிரியரை மறுபடி விடுவித்துப் பாடங்களைத் திருத்த ஒன்றரை லட்சம் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள், இதைத் தொடவே கூடாது. பாடத்தைப் பயன்படுத்தப்போகிற பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஓர் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு லட்சம். கையிருப்பு ஒரு லட்சம். ஆப் எங்கே என்று கேட்பீர்கள். ஆப் வேண்டாமுங்க. மூடுல் என்கிற ஆன்லைன் பாட மென்பொருள் இலவசம், கேள்விகளை அதிலேயே அமைக்கலாம். ஒருமுறை ஓர் அறக்கட்டளை தனி ஆப் செய்து வாங்கியது. மூன்றாம் வருடம் சந்தா கட்டவில்லை என்று அந்தக் கம்பெனி சர்வரை நிறுத்தியபோது, மூலக் கோப்புகூட யாரிடமும் இல்லாமல் ஆசிரியர்கள் உழைத்த அத்தனையும் போய்விட்டது. எடிட்டிங் யாரிடம் கொடுத்தாலும் மூலக் கோப்புகள் அனைத்தும் உங்கள் ஹார்டு டிஸ்கில் வந்து சேர்ந்த பிறகுதான் கடைசித் தவணை.

சட்டப் பக்கம் வருவோம். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு நீங்கள் நேரடியாகச் சம்பளம் மாதிரி எதையும் கொடுக்கக் கூடாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 அவர்களுக்குப் பொருந்தும், வெளியில் ஊதியம் வாங்க முன் அனுமதி வேண்டும். நல்லெண்ணத்தில் நீங்கள் கொடுத்த ஒரு செக் பின்னாளில் அவருக்கு மெமோவாக வந்து நிற்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள், தலைமை ஆசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள், இரண்டு ஆசிரியர்களின் பெயர், கிழமை, மாதங்கள், மாற்று ஆசிரியர் ஏற்பாடு எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் வைத்து எழுத்தில் ஆணை வாங்குங்கள். மதிப்பூதியம் கொடுக்க விரும்பினால் அதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டு, அனுமதி வந்தால் கொடுங்கள். மாற்று ஆசிரியருக்கான பணம் மேலாண்மைக் குழு அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கு வழியாகப் போகட்டும். ஓய்வு பெற்றவர்கள் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை, நேரடி ஒப்பந்தம் போடலாம், வரிப்பிடித்தம் பற்றி மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமை யாருக்கு என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வேலையின் பகுதியாகச் செய்த படைப்பின் முதல் உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும். ஆசிரியர் அரசு ஊழியர், பணம் உங்களுடையது, எடிட் செய்தது இன்னொருவர் என்றால் நாளைக்கு மூன்று பேரும் உரிமை கேட்கலாம். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம், ஆசிரியர் பெயரை மட்டும் போட வேண்டும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவதாக எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீக்ஷாவுக்குக் கொடுப்பதும் எளிது, ஈரோட்டுப் பள்ளி எடுத்து மாற்றிக்கொள்வதும் எளிது. ஆசிரியர் பெயர் ஒவ்வொரு வீடியோவிலும் வர வேண்டும், நன்கொடையாளர் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

திருப்பூர், கோவைக் கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணம் கேட்கப்போனால் அங்கே அக்கவுண்ட்ஸில் ஒருவர் "கட்டடம் கேளுங்கள், கம்ப்யூட்டர் கேளுங்கள், சம்பளத்துக்குக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவு ஐந்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது" என்பார். இதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவில் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்கு என்று இருக்கிறது, ஏழாம் அட்டவணையில் கல்வி நேரடியாகவே இருக்கிறது. அந்த ஐந்து சதவீத வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துகிற பொதுச் செலவுக்குத்தான். ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகிற செலவு அதில் சேராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. கல்வித் திட்டத்தில் வேலை செய்கிற ஆசிரியரின் சம்பளம், பயிற்சிச் செலவு நிர்வாகச் செலவு ஆகாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட விளக்கத்திலும் வருகிறது. அதை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். உங்கள் அறக்கட்டளை சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பல வருடத் திட்டமாக எழுதிக் கேட்டால், தொடங்கிய வருடம் போக மூன்று வருடம் வரை அதே பணத்தை நீட்டிக்க வழி இருக்கிறது, திருத்த வேலைக்கு அது ரொம்ப உதவும். பள்ளிகளுக்கான நன்கொடையைச் சேர்க்க அரசே 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியும் இருக்கிறது.

அமெரிக்க நண்பர்கள் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அங்கே குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவருடைய பணத்தை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. வகுப்புத் தோழன்தானே என்று வாங்கிவிட்டு அறக்கட்டளையையே சிக்கலில் மாட்டிவிட வேண்டாம்.

இன்னொரு யோசனை, உங்கள் பணம் தீர்ந்த பிறகும் ஓடக்கூடியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹட்சன் என்கிற ஊரின் பள்ளிகளும் ஒரு கல்வி அமைப்பும் சேர்ந்து 1996இல் மத்திய அரசு மானியத்தோடு வர்ச்சுவல் ஹைஸ்கூல் என்று ஒன்றைத் தொடங்கின. அதில் சேர்ந்த பள்ளி பணத்தைவிட முக்கியமாகத் தன் ஆசிரியர் ஒருவரை ஒரு வகுப்பிலிருந்து விடுவித்து, பயிற்சி எடுக்க வைத்து, ஒரு ஆன்லைன் பாடம் நடத்த விட வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மற்ற பள்ளி ஆசிரியர்கள் நடத்திய பாடங்களில் சேர முடிந்தது. எந்தப் பள்ளியும் தனியாக முழுச் செலவையும் தாங்க வேண்டியிருக்கவில்லை. கொங்கு நாட்டுக்கு இது பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், சென்னிமலை, பெருந்துறை என்று சுற்றிலும் ஊருக்கு ஊர் முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறது, எல்லோரும் தனித்தனியாக ஸ்மார்ட் போர்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சங்கமும் ஓர் ஆசிரியரின் இரண்டு நாளுக்கு மாற்று ஏற்பாடு செய்து வருடத்துக்கு ஓர் இயல் எடுத்தால், நான்கு சங்கம் சேர்ந்து இரண்டு வருடத்தில் பத்தாம் வகுப்புக் கணிதம் முழுவதையும் முடித்துவிடலாம்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிய எண்ணமும் இல்லை. மொடக்குறிச்சிப் பக்கத்துப் பெரியசாமித் தூரன் கோவை ராமகிருஷ்ண வித்யாலயத்தில் வாத்தியாராக இருந்தவர். திருப்பூர் அவிநாசிலிங்கம் செட்டியார் முன்னின்று தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் கொண்டுவர முடிவு செய்தபோது அவரைப் பள்ளிக்கூடம் முடிந்து சாயங்காலத்தில் எழுதச் சொல்லவில்லை, முதன்மைப் பதிப்பாசிரியராக முழு நேரம் உட்கார வைத்தார்கள். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளும் வந்து சேர்ந்தன.

பணம் கொடுக்கும் முறையில் ஒன்றைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு இவ்வளவு, வீடியோவுக்கு இவ்வளவு என்று யாருக்கும் பேசாதீர்கள், எடிட்டருக்குக்கூட. நிமிடத்துக்குப் பணம் என்றால் நாற்பது நிமிட வீடியோதான் வரும், எந்தப் பிள்ளையும் கடைசிவரை பார்க்காது. பிள்ளைகளிடம் ஓட்டிப் பார்த்துத் திருத்தி முடித்த பாடத்தைத்தான் ஒரு பாடம் என்று கணக்கில் எடுக்க வேண்டும். ஓட்டிப் பார்ப்பது என்றால் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையான ஹைடெக் லேபில் நடுத்தர மார்க் வாங்குகிற ஆறு பிள்ளைகளை உட்கார வைத்து, ஆசிரியர் பின்னால் நாற்காலி போட்டு, வாயைத் திறக்காமல் பார்ப்பது. நன்றாகப் படிக்கிற பிள்ளை வேண்டாம், அது எப்படி எடுத்தாலும் புரிந்துகொள்ளும். எந்த இடத்தில் வீடியோவைப் பின்னால் இழுக்கிறார்கள், எந்த இடத்தில் பக்கத்துப் பிள்ளையின் திரையைப் பார்க்கிறார்கள், எந்தக் கேள்வியில் யோசிக்காமல் விடையைத் தட்டுகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டால் திருத்த வேண்டிய பட்டியல் தானாக வந்துவிடும். ஆசிரியர்களுக்குப் பேசாமல் உட்காருவதுதான் கஷ்டம், இரண்டு முறை செய்தால் பழகிவிடும்.

பாடம் தயாரான பிறகும் வாத்தியார் நேரம் தேவைப்படுகிறது, இதைத் திட்டத்தில் விட்டுவிடுகிறார்கள். லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பிள்ளை தானே படித்துவிடாது. பயன்படுத்தப்போகிற ஒவ்வொரு பள்ளியிலும் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு லேப் பீரியட் எழுதி வாங்க வேண்டும், அந்தப் பீரியடில் கணித ஆசிரியர் உள்ளே இருக்க வேண்டும், யார் எந்தக் கேள்வியில் நின்றார்கள் என்கிற பட்டியல் அவர் கைக்குப் போக வேண்டும். ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு லட்சம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். பவர்கட், ஹெட்போன் உடைந்தது, பாஸ்வேர்டு மறந்தது என்று ஆயிரம் இருக்கும், இதையெல்லாம் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

அப்புறம் மலைப் பள்ளிகள். உங்கள் ஒன்றியத்தில் மலை இல்லை என்றாலும் இந்தப் பாடம் நன்றாக வந்தால் பர்கூர், தாளவாடி, கடம்பூர், வால்பாறைப் பள்ளிகள் கேட்கும், கேட்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அங்கே நெட்டை நம்பிப் பாடம் நடத்த முடியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பாடமும் சிறிய அளவுக் கோப்பாகவும் சேமிக்கப்பட வேண்டும், பயிற்சித்தாள் அச்சிடுகிற மாதிரி இருக்க வேண்டும். கோலிப்ரி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, லேபில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் நெட் இல்லாமலே மற்றக் கம்ப்யூட்டர்களுக்குப் பாடமும் கேள்வியும் போகும். கடைசியில் இதை யோசித்தால் எல்லா வீடியோவையும் மறுபடி சிறிய கோப்பாக மாற்ற வேண்டிவரும், எடிட்டர் அதற்குத் தனியாகக் காசு கேட்பார்.

உடனே செய்ய வேண்டியது, ஸ்டுடியோவுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள். வருகிற மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானத்தை வைத்து, ஏப்ரலுக்குள் கடிதம் முதன்மைக் கல்வி அலுவலரின் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும், ஜூனில் பள்ளி திறந்து கால அட்டவணை போட்டுவிட்டால் அதை மாற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மேடையில் நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள், பிள்ளைகள் எந்த இடத்தில் தப்புச் செய்வார்கள் என்று கேட்டால் மடமடவென்று பத்துச் சொல்கிறவரைத் தேடுங்கள். கடித மாதிரியும் ஒப்பந்த மாதிரியும் வேண்டுமென்றால் கேளுங்கள், தமிழிலேயே எழுதித் தருகிறேன்.